மேஸ்திரிக்குக் கேட்காத சத்தம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், திருவாமாத்தூருக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. 'மேஸ்திரி ஷெட்' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். மேஸ்திரிக்கு வயது 71. ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பெட்ரோல் வண்டி வேலை. ஃபியட், அம்பாசிடர், பெட்ரோல் ஜீப், அப்புறம் மாருதி. கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வந்ததும் இளவட்ட மெக்கானிக்குகள் ஸ்கேனர் வாங்கினார்கள். மேஸ்திரி வாங்கவில்லை. கார்பரேட்டர் வண்டி வைத்திருக்கும் கடைசி ஆள் இருக்கிற வரைக்கும் தனக்கு வேலை இருக்கும் என்பது அவர் கணக்கு.

அவர் பெயர் பரவியதே டைமிங்கால்தான். இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்வார். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு கையால் பிடித்து ஒரு நூல் அப்படி, ஒரு நூல் இப்படித் திருப்புவார். இன்ஜின் சத்தம் ஒரு இடத்தில் வழுவழுவென்று வரும். 'ம்' என்பார். அதோடு முடிந்துவிடாது. வண்டியில் ஆளையோ மூட்டையையோ ஏற்றி, விழுப்புரம் ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்ப்பார். இன்ஜினுக்குள் லேசாகக் 'கிணுகிணு'வென்று ஒரு சத்தம் வந்தால், அங்கேயே ஓரங்கட்டி, டைமிங்கை ஒரு நூல் பின்னுக்கு வாங்கிவிடுவார். வராவிட்டால் ஒரு நூல் முன்னுக்குத் தள்ளுவார். சத்தம் தலைகாட்டும் இடத்துக்கு ஒரு நூல் இந்தப் பக்கம். அதுதான் அவர் முறை. கருவி எதுவும் கிடையாது.

கதை அந்த ஒரு நூலைப் பற்றியது.

திருவாமாத்தூரில் ஒரு காய்கறி வியாபாரி. வயது 45 இருக்கும். விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி, சுற்றியுள்ள கொல்லைகளில் கத்தரி, வெண்டை, சுரை, பூசணி எடுத்துக்கொண்டு விழுப்புரம் மார்க்கெட்டில் இறக்குவார். அவரிடம் இருப்பது ஒரு பிக்கப் வண்டி. கம்பெனி பிக்கப் அல்ல. அவருடைய அப்பா, ஒரு வக்கீலிடமிருந்து வாங்கிய மார்க் 4 அம்பாசிடரின் பின் சீட்டையும் டிக்கியையும் வெட்டி எடுத்துவிட்டு, மரப்பலகைத் தட்டு போட்டு, ஆர்.சி.யிலும் எழுதி வாங்கிய வண்டி. முன்பாதி வக்கீல், பின்பாதி குடியானவன் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.

2005-ல் டாடா ஏஸ் வந்து, 'சின்ன யானை' என்று பெயர் வாங்கி, கிராமத்துக்கு நாலு என்று நிற்க ஆரம்பித்த பிறகும் இவர் மாறவில்லை. தவணை கட்ட வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஓடுவதே 20 கிலோமீட்டர், அப்பா வண்டி. மூன்று காரணங்களில் எது முதல் காரணம் என்று அவரே சொன்னதில்லை.

அம்பாசிடரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சு. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரானது. பெட்ரோல் அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. இன்ஜின். நாலு சிலிண்டர், ஒரு கார்பரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்.ஸின் தயாரிப்பு. திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றிலும் கை நுழையும். அதனால்தான் இன்றும் சில ஓடுகின்றன.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் பார்த்த மழையை அந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்குப் பக்கமாகக் கொட்டியது. வியாபாரியின் பிக்கப் வாசலில் நின்றபடியே பானெட் மட்டத்துக்கு முழுகியது. தண்ணீர் வடிந்ததும் கயிறு கட்டி மேஸ்திரி ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம், "எடைக்குப் போட்டுடு" என்றார்கள்.

மேஸ்திரி போடவில்லை. ஆயிலை மூன்று தடவை மாற்றினார். கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதினார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிக் காயவைத்து, பிளாட்டினமும் கன்டென்சரும் புதிதாகப் போட்டார். பன்னிரண்டாம் நாள் இன்ஜின் கிளம்பியது. வழக்கம்போல் கண்ணை மூடி டைமிங் வைத்தார். வழக்கம்போல் பாலம் ஏறிப் பார்த்தார். இழுவை கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தது. ஒரு நூல் முன்னால் தள்ளினார். சத்தம் வரவில்லை. இன்னும் ஒரு நூல். வரவில்லை.

பத்து நாள் கழித்து வியாபாரி வந்தார்.

"மாமா, வண்டி நல்லாத்தான் இருக்குது. லோடு ஏத்திக்கினு பாலம் ஏறச்சொல்லதான் உள்ள சில்லற குலுக்குற மாதிரி ஒரு சத்தம்."

மேஸ்திரி ஏறி உட்கார்ந்தார். பாலம் ஏறினார்கள். "இதோ மாமா, இதோ, இப்ப!" என்றார் வியாபாரி. மேஸ்திரி ஸ்டீயரிங்குக்குக் கீழே காதைக் கொண்டுபோனார். "ஒண்ணும் இல்லியேடா. தட்டுல பலகை ஆடுது, அதைக் கேட்டுட்டு சொல்ற."

அந்தச் சத்தம் என்ன, அது ஏன் கெட்ட சகுனம் என்று தெரிந்துகொண்டால்தான் மேலே நடந்தது புரியும்.

தலையில் கூடை ஏற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தூக்கிவிடுபவர், சுமப்பவர் நிமிரும் நேரம் பார்த்துக் கை கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே தள்ளினால் கூடை முகத்தில் இடிக்கும். தாமதித்தால் சுமப்பவர் வீணாகக் குனிந்து நிற்பார். பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விடுவதும் அப்படித்தான். பொறி பட்டதும் பெட்ரோல் காற்று முழுவதும் ஒரே நொடியில் எரிந்துவிடுவதில்லை. அது பரவ ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரமாவது பிடிக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அந்தத் துளி நேரத்தில் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழுந்தாக வேண்டும். எவ்வளவு முன்பு என்பதுதான் டைமிங்.

ரொம்ப முன்னால் விழுந்தால்? பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு அதைக் கீழே தள்ளப் பார்க்கும். அழுத்தமும் சூடும் தாங்காமல், ஓரத்தில் இன்னும் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். அந்த வெடிப்பு சிலிண்டர் சுவரில் மோதி எழுப்பும் சத்தம்தான் 'நாக்கிங்'. வியாபாரி சொன்ன சில்லறை. லேசாக எப்போதாவது வந்தால் பாதகமில்லை. தினமும் லோடோடு அடித்துக்கொண்டே இருந்தால் பிஸ்டன் தலையில் அரிப்பு விழும், பிறகு ஓட்டை விழும். அத்தோடு வியாபாரியின் பிழைப்பிலும்.

ஒரு விடிகாலை அதைவிட மோசமான சங்கதி நடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு பேட்டரி பலவீனம். வியாபாரி ஹேண்டில் போட்டுத்தான் கிளப்புவார். அன்றைக்கு ஹேண்டில் எதிர்ப்பக்கம் திருப்பி அடித்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு வாரம் கை அசைக்க முடியவில்லை. அவர் மனைவி ஆட்டோ வைத்துச் சரக்கு ஏற்றினார். வந்த லாபம் வாடகைக்குப் போனது.

கட்டுப் போட்ட கையோடு ஷெட்டுக்கு வந்த வியாபாரியிடம் மேஸ்திரி, "கட்டை விரலை மடக்கிப் பிடிச்சிருப்ப. விரலோட விரலா சேத்துப் புடிக்கணும்னு உங்க அப்பனுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

"இருபது வருஷமா ஹேண்டில் போடறேன் மாமா. இப்பதான் அடிக்குது. நீங்க டைமிங் வெச்சதுக்கப்புறம்தான் அடிக்குது."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "நான் வெச்ச டைமிங் தப்புன்றியா? வா, வட்டப்பாறைக்குப் போலாம். சத்தியம் பண்றேன்."

திருவாமாத்தூரில் அந்த வார்த்தையை விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். அபிராமேசுவரர் கோயிலில் இருக்கிறது வட்டப்பாறை. அதன்முன் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்க மாட்டான் என்பது தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. தம்பி சொத்தை அமுக்கிக்கொண்ட ஓர் அண்ணன் அங்கே சாமர்த்தியமாகச் சத்தியம் செய்துவிட்டுப் போக, வழியில் தும்பூரில் நாகம் தீண்டி மாண்டான் என்று கதை சொல்வார்கள். கடன் தகராறு, வரப்புத் தகராறு என்று இன்றும் ஜனங்கள் அங்கே போய் நிற்கிறார்கள். டைமிங் தகராறுக்கு யாரும் போனதில்லை.

வியாபாரி பதில் பேசாமல் போய்விட்டார்.

இதையெல்லாம் ஷெட் ஓரத்தில் பிளக் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன் பேரன். மகள் வயிற்றுப் பேரன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் வருடம். லீவு நாட்களில் தாத்தாவுக்கு எடுபிடி. முந்தின வாரம் பாலத்தில் வியாபாரி, தாத்தாவோடு அவனும் பின்தட்டில் உட்கார்ந்து போயிருந்தான். சத்தம் அவனுக்குக் கேட்டது. தட்டில் இருந்தவனுக்கே கேட்டது.

அன்றிரவு வீட்டில் அவன் ஆயாவைக் கவனித்தான். ஆயா எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை தாத்தாவின் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள். "தோசை ஊத்தட்டுமா?" என்றதற்குத் தாத்தா, "ஆசையா இருந்தா ஊத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் ரொம்ப நாளாக இப்படித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. டி.வி. சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவது, போன் அடித்தால் எடுக்காதது, கொல்லையில் சில்வண்டு கத்துவதை "இப்பல்லாம் பூச்சியே இல்ல" என்று மருந்தடிப்பவர்களைத் திட்டியது, எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன.

இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது ஒரே நாளில் செவிடாவதில்லை. மேலிருந்து தேயும். நாளுக்கு எட்டு மணி நேரம், 85 டெசிபலுக்கு மேல், வருடக்கணக்கில் என்றால் உள்காதின் நுண்ணிய முடியணுக்கள் சாகத் தொடங்குகின்றன. செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கீச்சுச் சத்தங்கள். வயது சேரச்சேர அதற்கு மேலுள்ளவையும் போகும். தடிமனான சத்தங்கள் அப்படியே இருக்கும். ஆகவே, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று அவர்கள் சண்டைக்கு வருவது பொய் அல்ல. 'ச', 'ஸ' போன்ற சன்னமான எழுத்துகள் மட்டும் காணாமல் போயிருக்கும். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். தோசை ஆசையாவது அப்படித்தான்.

மேஸ்திரி ஷெட்டுக்கு ஒட்டினாற்போல் டிங்கரிங் பட்டறை. தகரத்தில் சுத்தியல். முப்பது வருடம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. வைத்துக்கொண்டால் இன்ஜின் சத்தம் கேட்காதே என்று மேஸ்திரியே தன் பையன்களைத் திட்டியிருக்கிறார்.

இந்த அளவு இன்ஜினில் நாக்கிங் சத்தத்தின் அதிர்வு ஆறாயிரம், ஏழாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். தாத்தாவுக்குக் கேட்காத பகுதியில் சரியாக விழுகிறது. இன்ஜினின் உறுமல் கேட்கிறது, ஓட்டத்தின் வழுவழுப்பு கேட்கிறது, நிறுத்து என்று சொல்லும் அந்த ஒரு சத்தம் மட்டும் கேட்கவில்லை. பொதுவாக டைமிங்கை முன்னால் தள்ளத்தள்ள சும்மா ஓடும் இன்ஜின் இன்னும் உற்சாகமாகத்தான் ஓடும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் கை தள்ளிக்கொண்டேதான் போகும்.

பேரனுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மெக்கானிக்கிடம் காது போய்விட்டது என்பது, சமையல்காரரிடம் நாக்கு செத்துவிட்டது என்று சொல்வதைப் போல. அதுவும் வட்டப்பாறையை இழுத்துவிட்ட மனிதரிடம்.

அவன் வேறு வழியில் போனான். மறுநாள் காலை ஷெட்டில், "தாத்தா, எக்ஸாம்ல ஸ்டாடிக் டைமிங் கேப்பாங்க. பல்பு வெச்சுப் பாக்குறது. எனக்கு ஒரு தடவ செஞ்சு காட்டேன். இந்த வண்டியிலயே" என்றான்.

மேஸ்திரிக்கு அதில் பெருமைதான். "நாங்க கத்துக்கச்சொல்ல அதான் மொத பாடம்" என்று தொடங்கினார். 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர். ஒன்று டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில், ஒன்று இன்ஜின் உடம்பில். பிளக் நான்கையும் கழற்றி, சாவியைப் போட்டு, ஹேண்டிலை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். பிளாட்டினம் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணம்தான் பொறி விழும் கணம். அப்போது முன்பக்கப் புல்லியில் இருக்கும் வெட்டு, டைமிங் கவரின் முட்களில் எதற்கு நேராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நீளமான முள் உச்சி. மற்ற இரண்டும் 5 டிகிரி, 10 டிகிரி முன்னால்.

கழற்றிய பிளக்குகளைப் பேரன் வரிசையாக வைத்தான். மூன்றாம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பும் வெள்ளியுமாகப் பொட்டுகள். மேஸ்திரி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்தார். அந்த வெள்ளிப் பொட்டு பிஸ்டனின் அலுமினியம் என்பது பேரனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பேரன் ஹேண்டிலைத் திருப்பினான். மேஸ்திரி கீழே குனிந்து, டார்ச் அடித்து, புல்லியைப் பார்த்தபடி இருந்தார்.

பல்பு எரிந்தது.

வெட்டு 5 டிகிரி முள்ளுக்கு வந்து சேரவில்லை. 10 டிகிரி முள்ளுக்கும் வரவில்லை. அதற்கும் அரை விரல் அகலம் முன்னாலேயே நின்றது.

"திரும்பச் சுத்து" என்றார். சுற்றினான். அதே இடம். "இன்னொரு வாட்டி." அதே இடம்.

தரையிலிருந்து எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. டிங்கரிங் பட்டறையில் அன்று வேலை இல்லை, ஷெட்டில் அமைதி. "உனக்கு அந்தப் பாலத்துல சத்தம் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுச்சு தாத்தா."

"எப்படி?"

"அவர் சொன்ன மாதிரிதான். சில்லற."

அவர் கோபப்படவில்லை. பீடியும் பற்றவைக்கவில்லை. நேராகப் போய் பானெட்டுக்குள் கையை விட்டு, கார்பரேட்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இடையில் ஓடும் மெல்லிய பைப்பைக் கழற்றினார். இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு ரப்பர். ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். நாக்கு நுனியால் மூடிப் பார்த்தார். நாக்கைப் பைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு புது ரப்பர்த் துண்டை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து டப்பாவில் நேரடியாகச் சொருகி உறிஞ்சினார். உள்ளே தகடு நகர்ந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. டப்பாவுக்குள் இருக்கும் டயஃபிரம் நன்றாக இருக்கிறது. பைப்தான் ஓட்டை. கார்பரேட்டர் பக்கத்து ரப்பரை மடக்கிக் காட்டினார். அடிப்பக்கம் நெட்டுக்கு ஒரு வெடிப்பு. மடக்காமல் பார்த்தால் தெரியவே தெரியாது.

இந்தப் பைப்புக்கு ஒரு வேலை உண்டு. ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்துச் சமதரையில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை கொஞ்சமாகத்தான் போகிறது. கொஞ்சமான கலவை மெதுவாக எரியும், ஆகவே பொறி இன்னும் முன்னால் விழ வேண்டும். அந்த நேரத்தில் கார்பரேட்டரில் உண்டாகும் உறிஞ்சல் இந்தப் பைப் வழியாக டயஃபிரமை இழுத்து, பிளாட்டினம் இருக்கும் தட்டைத் திருப்பி, பொறியை முன்னால் நகர்த்துகிறது. லோடோடு மேடேறி முழுக்க மிதித்தால் உறிஞ்சல் போய்விடும். தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். தானாகவே தள்ளி, தானாகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பைப்பில் வெடிப்பு விழுந்தால் ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல, காற்றுதான் வரும்.

"புரியுதா?" என்றார் மேஸ்திரி. "இது வேல செய்யல. அதனால சமதரையில வண்டி மந்தம். மந்தமா இருக்குதேன்னு நான் மொத்த டைமிங்கயும் புடிச்சு முன்னாடி தள்ளிட்டேன். சமதரைக்கு அது சரியாப் போச்சு. மேட்டுக்கு அடிக்குது. அடிச்சா பின்னாடி வாங்கியிருப்பேன். அடிக்கலியே." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அடிக்கல" என்றார்.

ரப்பர் வெடித்ததற்கு மேஸ்திரி பெட்ரோலைத்தான் குற்றம் சொல்வார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்த ஆல்கஹால் பழைய காலத்து ரப்பரை ஊறவைத்து உப்பவும் விரியவும் வைக்கும் என்பது உண்மை. அந்த ஆல்கஹாலில் ஒரு பங்கு வருவது கரும்பிலிருந்து. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம கரும்பே நம்ம ரப்பரத் தின்னுது" என்று மேஸ்திரி அலுத்துக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது. ஆனால் முழுப்பழியையும் அதன்மேல் போடுவது நியாயமில்லை. வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர், அதன்மேல் ஃபெஞ்சல் தண்ணீர். எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கக்கூடியதும் கூட. பழைய பெட்ரோலாக இருந்திருந்தால் அந்த மூன்றாம் பிஸ்டன் இன்னும் முன்னாடியே போயிருக்கும்.

எத்தனாலைத் தாங்கும் ரப்பர் ஹோஸ் விழுப்புரத்தில் அந்த அளவில் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போகும் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டார்கள். வர நாலு நாள் ஆகும். அந்த இடைவெளியில் பேரன் தாத்தாவை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான். "அழுக்கு அடைச்சிருக்கும், எண்ண ஊத்துனா சரியாப் பூடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அழுக்கு இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்ற பேரன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் டக் டக்கென்று அமுக்கினார். பிறகு இடைவெளி நீண்டது. பிறகு ரொம்ப நேரம் அமுக்கவேயில்லை. கண்ணை மூடி, பானெட்டுக்குள் தலை கொடுப்பதுபோல் முன்னால் குனிந்து காத்திருந்தார். காகிதத்தில் கோடு 2000 வரை சுமாராக வந்து, அதற்கப்புறம் கிணற்றில் இறங்கியது. நரம்புத் தேய்மானம், மருந்தில்லை, பேச்சு கேட்க மிஷின் உதவும் என்றார்கள்.

"இன்ஜின் கேக்குமா?" என்றார் மேஸ்திரி. மிஷின் இருக்கிற சத்தத்தைப் பெரிதாக்கும், போன காதைத் திருப்பித் தராது என்று பொறுமையாக விளக்கினார்கள். அவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் அவரே வியாபாரியின் வீட்டுக்கு நடந்துபோய் அதைப் பிரித்துக் காட்டினார். "வட்டப்பாறைன்னு சொன்னேன் பாரு. நல்ல வேளை நீ கூப்புட்ட எடத்துக்கு வரல" என்றார். வியாபாரி காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விடு மாமா, காபி சாப்புடு" என்றார்.

புதுப்பேட்டை ஹோஸ் வந்தது. பைப்பை மாற்றி, பல்பு வைத்து 5 டிகிரி முள்ளுக்குக் கொண்டுவந்தார்கள். ஹேண்டில் போட்டுப் பார்த்தபோது அடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வியாபாரி பேட்டரியையும் மாற்றிவிட்டார். பேரன் ஆன்லைனில் ஒரு டைமிங் லைட்டும், வேக்குவம் கேஜும் வாங்கினான். மாருதி 800, ஆம்னி எல்லாம் ரப்பர்க் குழாய்கள் இடியாப்பமாகப் பின்னிக் கிடக்கும் வண்டிகள். அவற்றுக்குக் கேஜ் அருமையான பொருள். நல்ல இன்ஜின் சும்மா ஓடும்போது முள் 18, 20 அங்குலத்தில் ஆடாமல் நிற்கும். ஆடாமலே தாழ்ந்து நின்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. துள்ளினால் வால்வில் கோளாறு. காதே தேவையில்லை. மேஸ்திரி அதை முதலில் தொடவில்லை. மூன்றாம் நாள் பேரன் கல்லூரிக்குப் போன நேரத்தில் ஒரு ஆம்னியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஆயா பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஆனால் கேஜும் லைட்டும் ஷெட்டுக்குள்தான். லோடோடு பாலம் ஏறும்போது அடிக்கிறதா இல்லையா என்பதை இன்னும் காதுதான் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, தட்டு நிறையப் பூசணிக்காயோடு மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மேஸ்திரி ஓட்டினார். மூன்றாவது கியர், முழு மிதி. அவர் ரோட்டைப் பாதி, பேரன் முகத்தைப் பாதி பார்த்துக்கொண்டு ஓட்டினார். வியாபாரிக்குப் பயமாக இருந்தது.

"இல்ல தாத்தா."

இறங்கி ஒரு நூல் முன்னால் தள்ளினார். திரும்பி வந்து மறுபடி ஏறினார்கள்.

"இல்ல."

இன்னொரு நூல். பாலத்தின் உச்சி நெருங்கும்போது பேரன் கையைத் தூக்கினான். "வருது. லேசா. ஆயா வளையலோட மாவு சலிக்கிற மாதிரி."

"அதான்" என்றார் மேஸ்திரி. "அதேதான்."

ஓரங்கட்டி, ஒரு நூல் பின்னுக்கு வாங்கினார். ஸ்பேனரைப் பேரனிடம் கொடுத்தார். அவன் போல்ட்டை முடுக்கினான். விடிந்துகொண்டிருந்தது. மார்க்கெட்டில் இந்நேரம் பூசணி விலை இறங்கியிருக்கும் என்று வியாபாரி முணுமுணுத்தார். மேஸ்திரிக்கு அது கேட்கவில்லை. பேரன் சத்தமாகத் திருப்பிச் சொன்னதும் வண்டியைக் கிளப்பினார்.